கூட்டல் கணக்கும் குடிப்பெருக்கமும்

(அப்புத்தளையில் ஆற்றிய உரை)



கணக்கு என்றதும் அது செக்ரோலுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிவிடாதீர்கள். நம் மக்களின் தலைவிதியையே ஒரு கணக்கு ஆட்டிவைத்ததுண்டு.

நூறு தேயிலைக் கன்றுகள் உள்ள நிலத்தில் ஆண்டுதோறும் பத்துக் கன்று நட்டால், பத்தாண்டில் 200, இருபதாண்டில் 300. இது கூட்டல் வளர்ச்சி. நூறு ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி, வட்டிக்கும் வட்டி என்றால், பத்தாண்டில் 259. இருபதாண்டில் 672 ரூபாய். இது பெருக்கல் வளர்ச்சி. முன்னதில் சேரும் தொகை மாறாது. பின்னதில் சேரும் விகிதம் மாறாது. மக்கட்டொகை எவ்வழியது? இன்றைய குழந்தை நாளை பிள்ளை பெறும். ஆகவே அது வட்டியின் வழியது.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பிறந்தது. நாடற்றோராக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்றனர். அம்மக்களை யாரும் கேட்கவில்லை! இந்தியாவுக்கு அனுப்பும் பணி 15 ஆண்டுக்கு, இயன்றவரை சமமாகப் பரவ வேண்டும். அதாவது ஆண்டுக்கு 35,000 பேர். இது கூட்டல் கணக்கு.

ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேர் பெருகுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு தவறாது 35,000 பேர் கப்பலேறினாலும், பதினைந்தாம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் எஞ்சுவர். ஒப்பந்தம் எழுதிய நாளில் பிறவாத குழந்தைகளின் கணக்கு அது. 'இயற்கைப் பெருக்கமும் உட்பட' என்று ஒப்பந்தம் சொல்லிற்று. அப்பெருக்கம் எவ்வளவு என்று எண்ணிச் சொல்லவில்லை.

பதினைந்து ஆண்டு கழிந்தும் பணி முடியவில்லை. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1984இல் கப்பலும் நின்றது. இறுதியில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்தோருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் குடியுரிமை அளித்தது. அச்சட்டம் தலைகளை எண்ணிப் பங்கிடவில்லை, சந்ததியையும் சேர்த்துக்கொண்டது. அதனால்தான் அது முடிவு கண்டது.

பெருக்கல் என்றென்றும் ஒரே வேகத்தில் ஓடாது. பிறப்பு விகிதம் குறைந்தால் வேகமும் தணியும். ஆகையால் அதை அச்சமூட்டும் பூதமாக்க வேண்டியதில்லை. அளந்து பார்த்தால் போதும்.

லயத்துக்கு மாற்றாக ஆண்டுக்கு இத்தனை வீடு, இத்தனை பேர்ச் காணி என்று எவரேனும் வாக்களித்தால், இரண்டு கேள்வி கேளுங்கள். இது எந்த ஆண்டின் குடும்பக் கணக்கு? கடைசி வீடு கட்டி முடியும் நாளில் குடும்பங்கள் எத்தனையாக இருக்கும்? இவற்றுக்கு விடையில்லாத வாக்குறுதி, நம் பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காத வாக்குறுதி!