முதல் பணம் யார் தருவது?



கொழும்பு நகரில் ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து விலையுயர்ந்த கோய் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கேமராவில் சிக்கிய திருடன், மீன்பிடிப் பூனை. ஈரநிலத்தில் நீந்தி இரை தேடும் இந்தக் காட்டுப் பிராணி தலைநகரின் வீட்டு மதில்களிலும் நடமாடுகிறது என்பதை, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை பொருத்தி ஆராய்ந்து காட்டினார் அன்யா ரத்நாயக்க என்ற இளம் பெண். அவருக்கு நேஷனல் ஜியோகிராஃபிக் சங்கத்தின் ஆதரவு கிடைத்தது.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. உலகில் ஏறக்குறைய 40 வகைக் காட்டுப்பூனை இனங்கள் உண்டு; அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவை சிறியவை. பணமோ புலி, சிங்கம், சிறுத்தை இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் போகிறது. சிறுபூனையை ஆராயப் புறப்படும் இருபத்தைந்து வயதுக்காரர் முதலில் தேட வேண்டியது பூனையை அல்ல, பணத்தை.

வழிகள் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் ரஃபர்ட் அறக்கட்டளை, வளரும் நாடுகளில் இயற்கைப் பாதுகாப்பில் இறங்குவோருக்குச் சில ஆயிரம் பவுண்டுகளை முதல் தவணையாகத் தருகிறது. அந்த வேலையை முடித்து அறிக்கை கொடுத்தவர் அடுத்த தவணைக்கு விண்ணப்பிக்கலாம். படிக்கட்டு மாதிரி, நடுப்படியில் நேராக ஏற முடியாது. பெயர் பெற்றவர்களோடு போட்டியிட வேண்டியதில்லை என்பதால், புதியவருக்கு இதைவிட நல்ல வாசல் குறைவு. அபுதாபியின் முகமது பின் சயீத் இனப் பாதுகாப்பு நிதியம் 25,000 டாலர் வரை வழங்குகிறது. அங்கே குறிப்பிட்ட ஓர் உயிரினத்துக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதே முதல் கேள்வி. காட்டுப்பூனைகளின் பாதுகாப்புக்காக இயங்கும் பேந்தரா அமைப்பும் சிறுபூனைகளுக்கென்றே ஒரு நிதியை நடத்தி வந்திருக்கிறது.

அமெரிக்காவில் காட்டுப்பூனைகளை ஆராயும் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கான ஓர் உதவித்தொகை, களப்பணியில் உயிரிழந்த ஆய்வாளர்களின் நினைவாக வழங்கப்படுகிறது. அவர்களில் ஒருவர் எரிக் யார்க். 2007இல் கிராண்ட் கேன்யன் பூங்காவில் இறந்துகிடந்த ஒரு பூமாவை அறுத்துப் பரிசோதித்தபோது பிளேக் தொற்றி, சில நாட்களில் இறந்துபோனார். வயது 37. அவர்கள் நினைவாக வரும் தொகை இன்னொரு மாணவரைக் காட்டுக்கு அனுப்புகிறது.

பணம் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? இந்தியாவில் மீன்பிடிப் பூனை, புலியைப் போலவே 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்துப் பட்டை மாட்ட அரசு அனுமதி தேவை. கோப்பு நகரும் வேகம் வேறு, நிதி நிறுவனத்தின் கடைசித் தேதி வேறு. ஆகவே அனுமதிக்கான மனுவை முன்கூட்டியே போட்டுவைப்பது நல்லது.

தியாசா ஆத்யாவின் கதை இங்கே சொல்லத்தக்கது. மேற்கு வங்கத்தின் ஈரநில ஊர்களில் மீன்பிடிப் பூனைக்காக வேலையைத் தொடங்கியவர் அவர். பிறகு ஒடிசாவின் சிலிகா ஏரிக்கும் அந்தப் பணி விரிந்தது. மீனவர்களையும் சேர்த்துக்கொண்டு அங்கே நடந்த கணக்கெடுப்பு 176 பூனைகள் இருப்பதாக 2022இல் அறிவித்தது. அதே ஆண்டில் நெதர்லாந்தின் ‘ஃபியூச்சர் ஃபார் நேச்சர்’ விருதும் அவருக்குக் கிடைத்தது. கௌரவமான விருது, பெரிய தொகை. ஆனால் அது வந்து சேர்ந்தது பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு. யாரும் அறியாத அந்தத் தொடக்க ஆண்டுகளில்தான் சிறிய தொகைகளின் அருமை தெரியும். ஒரு தானியங்கிக் கேமரா, படகு வாடகை, உள்ளூர் உதவியாளரின் கூலி, கேட்பது இவ்வளவுதான்.

இதில் வருந்தத்தக்க இடம் ஒன்று உண்டு. தொடக்க நிலை நிதிகள் பல கருவிக்கும் பயணத்துக்கும் தாராளமாகக் கொடுக்கும். ஆய்வாளரின் சொந்தச் சம்பளம் என்றால் கை சுருங்கும். வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்பியாக வேண்டிய பிள்ளை எத்தனை நாள் காட்டில் இருக்க முடியும்? வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் எஞ்சும் துறையாக இது மாறிவிடக் கூடாது. ஈரநிலத்தின் ஓரத்தில் வளர்ந்த மீனவர் வீட்டுப் பிள்ளைக்குப் பூனையின் தடம் எங்கே விழும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுத உதவும் ஓர் ஆசிரியரும், வரவு செலவுப் பட்டியலில் மாதச் சம்பளத்துக்கு ஒரு வரியும் இருந்தால் அந்தப் பிள்ளையும் இந்தத் துறைக்குள் வர முடியும்.