விரலில் மாட்டும் கருவியும் தோலின் நிறமும்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தாதியத் தொழிலுக்குச் சென்ற நாங்கள் இன்று ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். கொரோனாக் காலத்தில் வீடுகளுக்கும் வந்துசேர்ந்த ஒக்ஸிமீற்றர்தான் அது. சிவப்பு ஒளியையும் செங்கீழ் ஒளியையும் விரலூடாகச் செலுத்தி, இரத்தத்தின் ஒட்சிசன் அளவை அது கணிக்கிறது. தோலின் கருநிறப்பொருளும் ஒளியை உறிஞ்சும். சிக்கல் அங்கேதான்.

2020 டிசெம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் ஆய்வாளர்கள், கருவி 92 முதல் 96 வீதம் காட்டிய வேளைகளை நாடி இரத்தச் சோதனையுடன் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். உண்மை அளவு 88 வீதத்துக்கும் கீழே இருந்த சோதனைகள் வெள்ளையரிடம் 3.6 வீதம், கறுப்பின நோயாளரிடம் 11.7 வீதம். ஒட்சிசன் கொடுப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்த எண்ணைப் பார்த்தே தீர்மானித்த காலம் அது!

இது புதுச் செய்தியுமன்று. 1990இலேயே இதையொத்த ஆய்வு வெளிவந்து, கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2020இல் ஒரு கட்டுரையின் மூலம் கேள்வியை மீண்டும் எழுப்பியவர் வைத்தியருமல்லர். ஏமி மொரன் தோமஸ் என்ற மானிடவியலாளர். பெண் என்பதில் எங்களுக்குச் சிறு பெருமை.

எங்கள் விடுதிகளில் படுத்திருப்போரின் நிறம் எல்லோருக்கும் தெரிந்ததே. எனவே தாதியராகும் தங்கைமாரே, எண் நன்றாயிருந்தும் நோயாளி மூச்செடுக்கக் கஷ்டப்பட்டால், நின்று ஒரு நிமிடம் சுவாசத்தை எண்ணுங்கள். வைத்தியரை அழைத்து நாடி இரத்தச் சோதனை வேண்டுமா என்று கேளுங்கள். "மெஷின் சரியாகத்தானே காட்டுகிறது" என்று யாராவது சொன்னாலும் கேளுங்கள்.