மூன்று வருடச் சான்றிதழுக்கு எண்பது நாள் கூலி

(பள்ளிபாளையத்தில் விசைத்தறி, விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பேச வந்தவன் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். இதுவும் நம் கூலியைப் பற்றிய பேச்சுதான்.

இங்கே தறி ஓட்டும் தோழர் ஒருவரின் மகள் கல்லூரிப் படிப்பை முடித்திருக்கிறாள். வேலைக்கு மனுப் போட்டால், "சி.சி.என்.ஏ. இருக்கிறதா?" என்று கேட்கிறார்களாம். சிஸ்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி கொடுக்கும் சான்றிதழ் அது. கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, தகவலை வழி பிசகாமல் அனுப்பத் தெரியுமா என்று இரண்டு மணி நேரம் சோதிக்கிறார்கள். கட்டணம் 300 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 25,500 ரூபாய். வரி தனி.

நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் தமிழ்நாட்டுக்குக் குறித்த தினக்கூலி 319 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்பது நாள் மண் வெட்டிய கூலி, இரண்டு மணி நேரத் தேர்வுக்கு! தவறினால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். முழுப் பணமும் மறுபடி கட்ட வேண்டும். தேறினாலும் மூன்று வருடத்தோடு சரி, அதற்குள் புதுப்பிக்க வேண்டும். தமிழில் எழுதவும் முடியாது.

பணம் எங்கிருந்து வரும்? பட்டறை முதலாளியிடம் முன்பணம்தான். அது தீரும்வரை தகப்பன் வேறு பட்டறையை எட்டிப் பார்க்க முடியாது. மகள் தறியை விட்டு வெளியேற, தகப்பன் தறியோடு கட்டுண்டு கிடக்க வேண்டும்!

தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரியாதவன் கையில் இயந்திரத்தை யாரும் கொடுக்கமாட்டார்கள். ஆனால் தொழில் பழகும் செலவு யாருடையது? 1961-ல் வந்த தொழில் பழகுநர் சட்டம், பழகுகிறவனுக்கு முதலாளி உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்றது. (பழகுநர் என்ற பெயரிலேயே நம் வட்டார நூற்பாலைகள் பெண் பிள்ளைகளைக் குறைகூலிக்கு வாட்டிய கதை வேறு.) இன்றோ, கம்பெனிக்கு வேண்டிய தேர்ச்சியைத் தொழிலாளியே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. சான்றிதழ் கேட்கிற கம்பெனி, ஆளைச் சேர்த்த பிறகு கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். இதைக் கோரிக்கையாக வைப்போம்.

அதுவரை பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ரவுட்டர் வாங்காமலே கம்ப்யூட்டர் திரையில் பழக, சிஸ்கோவே 'பாக்கெட் டிரேசர்' என்றொரு சாதனத்தை இலவசமாகக் கொடுக்கிறது. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இலவசம். 2022-ல் மாநில சர்க்கார் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் பயிற்சி உண்டு. எந்தத் தேர்வுக் கட்டணம் அதில் அடங்கும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். நன்றாகத் தயாரான பிறகே பணம் கட்டுங்கள்.

"கேள்வியும் விடையும் முன்கூட்டியே தருகிறோம், தேறுவது நிச்சயம்" என்று வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்து. கொடுத்த பணமும் போச்சு.

அந்தத் தோழரிடம் முன்பணம் வாங்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிறு மாலை சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து மனு எழுதுகிறோம். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும், அழைத்து வாருங்கள்.