வாசலில் காத்திருக்கும்போது



திருவேங்கடத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு போய், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்மில் பலர். உள்ளே நம் வீட்டு உயிர். வெளியே நமக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் சிரித்துப் பேசிவிட்டால்கூட, துரோகம் செய்ததுபோல மனம் குத்துகிறது.

யாயிரை நினைத்துப் பார்ப்போம் (மாற்கு 5). 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசுவோ நடுவழியில் நின்று, 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணோடு பேசுகிறார். யாயிர் துடித்திருப்பார். ஆனால் அந்தத் தாமதத்தில்தான், இன்னொருத்தி நலம் பெற்றதை அவர் கண்ணால் கண்டார். தன் துயரத்திலிருந்து பார்வையைச் சற்று விலக்கியதால் மகள்மேல் இருந்த பாசம் குறைந்துவிடவில்லை.

ஊரிலிருந்து வருகிறவரிடம் சங்கரன்கோவில் மல்லிகை கொஞ்சம் வாங்கிவரச் சொல்லி, உட்கார்ந்து கட்டுவோம். விரலுக்கு வேலை இருந்தால் மனம் அடங்கும். செபமாலையை நம் பாட்டிமார் கையிலிருந்து கீழே வைக்காததும் அதற்காகத்தானோ என்னவோ! பக்கத்தில் காத்திருக்கும் அம்மாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்போம். செல்போனில் நோயின் பெயரைத் தேடித்தேடிப் படிப்பது மட்டும் வேண்டாம். அது இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும். (நமக்கும் அந்தப் பழக்கம் உண்டு.)

1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்திய நோயுற்றோர் உலக நாளை பிப்ரவரி 11 அன்று கொண்டாடுகிறோம். நோயாளியோடு, வாசலில் இருப்பவருக்காகவும் அன்று மன்றாடுவோம்.

யாயிரின் மகள் எழுந்ததும், அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி இயேசு சொன்னார். காலையிலிருந்து பிரிக்காமல் வைத்திருக்கும் அந்த இட்லிப் பொட்டலத்தை நாமும் பிரிப்போம்.