நாற்பது நாளில் கேட்கப்படாத கேள்வி

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அருகே ஜூ டவுன் என்னும் யூதர் தெரு இருக்கிறது. அதன் கோடியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம் நிற்கிறது. இஸ்ரேல் தோன்றிய 1948-க்குப் பிறகு யூதர்கள் படிப்படியாகக் குடிபெயர்ந்தனர்; சுக்கும் மிளகும் குவிந்திருந்த பண்டகசாலைகள் பலவும் பழம்பொருட் கடைகளாகிவிட்டன. அத்தெருவையும் சுற்று வீதிகளையும் பகிர்ந்து வாழ்ந்த மதத்தினர் ஒரு விஷயத்தில் ஒத்திருந்தனர். பிள்ளை பெற்றவளுக்கு அனைவருமே நாள் கணக்கு வைத்திருந்தனர். யூதரின் வேதம் ஆண் குழந்தைக்கு 40 நாள், பெண் குழந்தைக்கு 80 நாள் என்கிறது. இஸ்லாமியர் வழக்கிலும் இந்துக்கள் வழக்கிலும் பெரும்பாலும் நாற்பதே கணக்கு.

அந்நாட்களில் எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்ப்பார்கள். சுக்கும் மிளகும் சேர்த்து மருந்து கிளறிக் கொடுப்பார்கள். உண்டாயா, உறங்கினாயா, பால் சுரக்கிறதா என்று பத்துப் பேர் விசாரிப்பார்கள். மலத்தையும் வாயுவையும் அடக்க முடிகிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வானொலியில் பேசத் தகுந்த விஷயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். வாய்விட்டுச் சொல்ல நாணி இருபது ஆண்டு மறைத்து வைத்திருக்கும் தாய்மார்களுக்காகவே இதைப் பேசுகிறேன்.

மலத்துவாரத்தைச் சுற்றி வளையம்போன்ற இரண்டு தசைகள் உள்ளன. உள்வளையம் நம் எண்ணத்தை எதிர்பாராமல், தூங்கும்போதும் வாயிலை மூடி வைத்திருக்கிறது. வெளிவளையம் நம் ஆணைக்கு அடங்கியது. அவசரம் வரும்போது பிடித்து நிறுத்துவது அதுவே. குழந்தையின் தலை வெளிப்படும்போது பிறப்பு வழி பின்பக்கமாகக் கிழிந்தால் இவ்வளையங்களும் அறுபடக்கூடும். வெளிவளையம் பழுதானால் அவசரம் தாங்காது. உள்வளையம் பழுதானால் தன்னை அறியாமலே கசியும். தசைக்குச் செல்லும் நரம்பு இழுபட்டு நலிவதும் உண்டு. முதற் பிரசவம், நான்கு கிலோவுக்கு மேற்பட்ட குழந்தை, வெகுநேரம் முக்க நேர்தல், ஆயுதம் போட்டு எடுத்தல் ஆகியவை ஆபத்தை மிகுவிக்கின்றன.

லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 1993-இல் வெளியாயிற்று. முதல் குழந்தையை இயல்பான வழியில் பெற்ற 79 பெண்களை ஆறு வாரம் கழித்து ஒலியலைக் கருவியால் பார்த்தபோது, 28 பேருக்கு வளையத்தில் பழுது இருந்தது. பெரும்பாலும் பிரசவ அறையில் எவர் கண்ணுக்கும் படாத பழுது அது. கண்ணுக்குப் படாததா, அல்லது பார்க்கத் தவறியதா? 2006-இல் வெளியான வேறோர் ஆய்வு இதற்கு விடை தந்தது. பிரசவம் பார்த்தவர்கள் நூற்றுக்கு 11 பேரிடம் கண்ட கிழிசலை, தேர்ச்சி பெற்ற இன்னொருவர் உடனே மறுபடி சோதித்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேரிடம் கண்டார். வேண்டியது விலையுயர்ந்த கருவியன்று. நல்ல வெளிச்சமும், கையுறை அணிந்த ஒரு விரலும், சில நிமிடப் பொறுமையுமே.

கேரளத்தில் இன்று ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கின்படி அவற்றில் நூற்றுக்கு 39 அறுவைப் பிரசவங்கள். எஞ்சிய தாய்மார் அனைவரையும் தையல் போடும் முன் இவ்வாறு சோதிக்க வழியிருக்கிறது என்பதே இதன் பொருள். இந்தப் பழுதுக்கு அஞ்சி எல்லோரும் அறுவையை நாட வேண்டுமா என்றால், வேண்டாம். பின்னாளில் அடக்கம் குறைவதை அது முற்றிலும் தடுப்பதில்லை. அதற்கென்று தனி அபாயங்களும் உண்டு.

கிழிசலை உடனே கண்டு, மயக்க மருந்து கொடுத்து, அடுக்கடுக்காகத் தைத்துவிட்டால் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் குறையின்றி இருக்கிறார்கள். தைத்த பிறகு மலம் இறுகக் கூடாது. நம் வீடுகளிற் பலவற்றில் பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் காய்கறியையும் குறைத்து விடுகிறார்கள். புதுத் தையலுக்கு இதைவிடப் பகை வேறில்லை. பாட்டிமார்கள் கோபித்துக் கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும்: நீர் நிறையக் கொடுங்கள், மலமிளக்கும் மருந்தை மருத்துவர் சொன்னபடி கொடுங்கள்.

ஆண்டுகள் பல கடந்தவர்களுக்கும் வழி அடைபடவில்லை. இளமையில் மற்றத் தசைகள் ஈடுகொடுக்க, மாதவிடாய் நின்றபின் தொல்லை தலைகாட்டுவதும் உண்டு. துவாரத்தை உள்ளிழுத்துப் பிடித்து விடும் பயிற்சி, மலத்தைக் கெட்டிப்படுத்தும் உணவும் மருந்தும், தேவையானால் தசையை மீண்டும் இணைக்கும் அறுவை என்று படிப்படியாகச் சிகிச்சை உண்டு. எல்லோருக்கும் பூரண குணம் என்று வாக்களிக்க மாட்டேன். பலருக்கு வீட்டை விட்டு அச்சமின்றி வெளியே போகும் அளவுக்குக் குணம் கிட்டும்.

மட்டாஞ்சேரியில் இஸ்லாமியப் பெண்கள் ஏராளம். வாயு பிரிந்தாலே உளூ முறியும் என்பதால், இக்குறையுள்ளவர் தொழுகைக்கே தாம் தகுதியற்றவர் என்று எண்ணி ஒதுங்கக்கூடும். தொடர்ந்து அடக்க இயலாதவர் ஒவ்வொரு தொழுகை வேளைக்கும் ஒருமுறை உளூச் செய்தால் போதும் என்று மார்க்க நூல்கள் சலுகை தந்திருக்கின்றன. கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்ட பெண்களுக்கும் இதே இரக்கத்தை அவர்கள் வீட்டார் காட்டலாம்.

மறுபடி கருவுற்றால், முன்பு நேர்ந்த கிழிசலை முதற் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அடுத்த பிரசவம் எவ்வழியில் நிகழ வேண்டும் என்பதை வலி கண்ட இரவில் அல்ல, அப்போதே அமர்ந்து பேசித் தீர்மானிக்கலாம்.