என் ஊர் மணப்பாடு

(பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



"ஊரைப் பத்திப் பேசுங்க, அஞ்சே நிமிஷம்" என்று செயலாளர் சொன்னார். அதற்கு முன் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

விடுதியில் சேர்ந்த முதல் நாள், "எந்த ஊருப்பா?" என்று கேட்டார்கள். "திருச்செந்தூர்" என்றேன். மணப்பாடு என்று சொன்னால் "மீன் வாடை" என்று கேலி செய்வார்களோ என்ற பயம். மூன்று வருஷமும் அதையே சொல்லிச் சமாளித்தேன்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணற்குன்று, அதன் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே குகை. 1542-இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் அந்தக் குகையில் தங்கியதாகச் சொல்வார்கள். செப்டம்பர் 14 திருவிழாவுக்கு, எங்கே பிழைக்கப் போனவனும் ஊர் திரும்பிவிடுவான்.

தெருவில் நடந்தால் பெரிய பெரிய மாளிகைகள். கொழும்பு வியாபாரத்தில் வந்த பணம் கட்டியவை. வியாபாரம் போயிற்று; பல வீடுகளில் இன்று பூட்டுத்தான் தொங்குகிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பும் 1961-ஓடு நின்றது. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. பிள்ளைகள் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள்.

ஆனால் ஊரின் குணம் போகவில்லை. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லிப் பழகும் ஊர் அது. கோயில் கோபுரத்தையும் பனை உச்சியையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, கடலில் தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார் என் அப்பா. ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. கரையில் சத்தம் போட்டுச் சண்டை போடுவார்கள். ஒரு வள்ளம் திரும்பவில்லை என்றால் அந்த இரண்டு பேருமே சேர்ந்து தேடப் போவார்கள்.

ஒருநாள் அப்பா விடுதிக்கு வந்தார். கையில் பனையோலைப் பெட்டி. உள்ளே கருவாடும் கருப்பட்டியும். வாசலில், "திருச்செந்தூர்க்காரன் அப்பாவா?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். அப்பா அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பேருந்து நிலையம் வரை பேசாமலே நடந்தார். ஏறும்போது மட்டும் கேட்டார்:

"ஏல, திருச்செந்தூர்ல நமக்கு வீடு இருக்கால?"

அவ்வளவுதான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். ராத்திரி வாடை பிடித்து நண்பர்கள் எடுத்துவிட்டார்கள். கேலி செய்யவில்லை. சுட்டுத் தின்றுவிட்டு, "இன்னும் இருக்கால?" என்றார்கள்! நான் பயந்த கேலி என் மனசுக்குள் மட்டும்தான் இருந்திருக்கிறது. ஆனாலும் அன்றைக்கும் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

2013-இல் 'கடல்' படம் வந்தபின், "அந்த ஊரா நீங்க!" என்று ஆச்சரியப்படுகிறார்கள். இப்போது சொல்வது சுலபம். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லையே! அதைக் கேட்க அப்பாவும் இல்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, புன்னைக்காயலோ, வேம்பாரோ, கரிசல்காட்டுச் சிற்றூரோ, உங்கள் ஊர்ப் பெயரை முழுசாகச் சொல்லுங்கள். உங்களைப் படிக்க அனுப்பியது அந்த ஊர்தான்.

செயலாளரிடம் ஒரு வேண்டுகோள். மலரின் முகவரிப் பட்டியலில் என் பெயருக்கு நேரே 'சொந்த ஊர்: திருச்செந்தூர்' என்று இத்தனை வருஷமாக அச்சாகிறது. இந்தத் தடவை திருத்திப் போடுங்கள்.