காடுன்னா எந்தக் காடு?

(வைகை அணைப் பூங்காவில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில், நில வரைபடம் தயாரிக்கும் பணியில் இருக்கும் ஒரு சகோதரி பேசியது)



இந்தப் பக்கம் நாம "காட்டுக்குப் போறேன்"னு சொன்னா என்ன அர்த்தம்? மேகமலைக்கா போறோம்? சோளமோ பருத்தியோ போட்ட மானாவாரிப் புஞ்சைக்குப் போறோம். ஏலக்காய் எடுக்க ஜீப்பில் போகிறவர்கள் "மலைக்குப் போறேன்" என்பார்கள். ஆடு பத்துகிறவர்கள் "கரட்டுக்கு" என்பார்கள். நமக்குள்ளே குழப்பம் வருவதே இல்லை. ஆனால் வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்து கம்ப்யூட்டர் "இது காடு, இது வயல், இது தரிசு" என்று பிரிக்கும்போது குழப்பம் வருகிறது. ஆட்டுக் கடன் வாங்கியிருக்கிற நம்முடைய மேய்ச்சல் நிலம் அதில் மாட்டிக்கொள்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் படம் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 1988 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ்-1ஏ என்ற செயற்கைக்கோளை இந்தியா அனுப்பியது. அதற்குப் பிறகு நம் நிலத்தை நாமே மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளைக்கு ஒருமுறை இந்த அணைக்கு மேலே போகின்றன. படம் இலவசம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். உங்கள் வீட்டு மனை ஒரு புள்ளி, மிஞ்சினால் இரண்டு புள்ளி! (ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் படம் உதவாது. மேகம்தான் தெரியும்.)

பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அதை விழுங்கிவிடும். அதனால் 71 அடி நிரம்பிய வைகை அணை படத்தில் கறுப்பாக இருக்கும். கோடையில் தண்ணீர் உள்வாங்கினால் அந்தக் கரையிலேயே புல் முளைக்கும். ஒருநாள் படத்தை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் தப்பாகிவிடும்.

வருஷம் முழுக்கப் பார்த்தால் விஷயமே வேறு. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். ஜூனில் பெரியாறு தண்ணீர் திறந்ததும் அந்த வயல் முதலில் குளம் மாதிரித் தெரியும், பிறகு பச்சையாகும், பிறகு பழுக்கும். முதலில் தண்ணீர், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள் என்று வந்தால் அது நெல்லுதான் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும்.

அதுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாங்கள்தான். அரிசியில் கல் பொறுக்க மகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்போம்? "இது கல்லு, இது அரிசி" என்று பத்து தடவை காட்டுவோம். அப்புறம் அவளே பொறுக்குவாள். அதேபோல நாங்கள் ஊர் ஊராகப் போய், "இந்த இடம் தென்னை, இந்த இடம் திராட்சை" என்று குறித்துக் கொடுக்கிறோம். அதை வைத்து அது மீதி இடத்தையெல்லாம் பிரிக்கிறது. 2001-ல் லியோ பிரைமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எழுதிய ஒரு முறையை நாங்கள் அதிகம் பயன்படுத்துகிறோம். நூற்றுக்கணக்கான தனித்தனி கணக்குகள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆளுக்கொரு ஓட்டுப் போடும். எதற்கு அதிக ஓட்டோ அதுதான் பெயர். நம் குழுவில் தீர்மானம் போடுவது போலத்தான். குழுவுக்கே தப்பான தகவல் கொடுத்திருந்தால் தீர்மானமும் தப்பாகத்தான் இருக்கும், இல்லையா?

அந்தத் தப்பை நானே செய்தேன். ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கரட்டடியில் ஜி.பி.எஸ். கருவியோடு நின்று "தரிசு" என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து, "என்னத்த தாயி எழுதுற?" என்றார். சொன்னேன். "தரிசா? அப்ப எங்க ஆடு நாப்பதும் காத்தையா திங்குது?" என்றார். பிறகு என்னை நடத்திக் கூட்டிப்போய், மழைக்குப் பிறகு எந்தப் புல் எங்கே வரும், கவுதாரி எங்கே முட்டையிடும் என்று காட்டினார். நான் நோட்டில் அடித்துத் திருத்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

இது என் ஒருத்தி தப்பு மட்டும் இல்லை. 2000-லிருந்து மத்திய அரசு "தரிசு நில அட்லஸ்" வெளியிட்டு வருகிறது. அதில் புதர்க்காடும் மேய்ச்சல் நிலமும் நிறைய தரிசுக் கணக்கில் போயிருக்கின்றன. மதுசூதன், அபி வனக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே கம்ப்யூட்டர் முறையில் நாடு முழுக்க வறண்ட புல்வெளிகளையும் புதர் நிலங்களையும் வரைந்து 2022-ல் வெளியிட்டார்கள். நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அப்படிப்பட்ட நிலம். அதில் பெரும்பகுதி ஏற்கனவே தரிசு என்று பெயர் வாங்கியது. சரணாலயம் மாதிரிப் பாதுகாப்புக்குள் இருப்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. முயலும் நரியும் வாழ்கிற இடம் அது, நம் ஆடும் மேய்கிற இடம். தரிசு என்று பெயர் விழுந்தால் சூரிய மின்தகடு போடவும், வரிசையாக மரம் நடவும் முதலில் கண்ணில் படுவது அந்த நிலம்தான்.

காடு என்கிற பெயரிலும் வேடிக்கை இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்திய வனஅளவைத் துறை 1987 முதல் வனப்பரப்பு அறிக்கை வெளியிட்டு வருகிறது. அதன் கணக்கில் இரண்டரை ஏக்கருக்குக் குறையாத இடத்தில் பத்து சதவீதம் மரநிழல் இருந்தால் போதும், அது வனப்பரப்பு. பட்டா நிலமா, தென்னந்தோப்பா, மாந்தோப்பா என்று பார்ப்பதில்லை. 2021-ல் புலிகள் காப்பகமான ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைக் காட்டிலிருந்துதான் வைகைக்குத் தண்ணீர் வருகிறது. அந்தக் காடும் கம்பத்துத் தென்னந்தோப்பும் ஒரே கணக்கா? கோடையிலும் பச்சையாக நிற்கிற சீமைக்கருவேலத்தைக்கூட சில படங்கள் மரக்காடு என்றே காட்டுகின்றன.

உங்கள் ஊராட்சிகளின் வரைபடத்தை அச்செடுத்து வந்திருக்கிறேன். மஞ்சள் நிறம் "தரிசு" என்று வந்த இடம். சாப்பாட்டுக்குப் பிறகு ஊர்வாரியாக உட்காருவோம். ஓடை, கோயில், கண்மாயை அடையாளம் வைத்து உங்கள் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஆடு மேய்கிற இடம், விறகு பொறுக்குகிற இடம், எந்த மாதத்தில் புல் வரும் என்பதைப் பென்சிலால் குறியுங்கள். மேய்க்கால் புறம்போக்கு என்று தெரிந்தால் சர்வே எண்ணையும் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கிற தங்கச்சி எழுதுவாள். ஒரு தாளை நான் எடுத்துப்போய் கம்ப்யூட்டரில் திருத்துகிறேன். இன்னொன்று கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கட்டும், அடுத்த கிராம சபைக்கு எடுத்துப் போகலாம்.